பஃபேவை எண்ணியது போதும், நாற்காலியை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பகுதியில் விமான நிலைய லவுஞ்சுகளைப் பற்றி, அதாவது விமானத்துக்குக் காத்திருக்கும் தனி ஓய்வறைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு எத்தனை வகை, இனிப்பு எத்தனை வகை, காபி மெஷின் எப்படி என்று மதிப்பெண் போட்டிருந்தார் எழுதியவர். ஏதோ கல்யாணப் பந்தியை விமர்சனம் செய்தது போல இருந்தது. உட்கார இடம் கிடைத்ததா என்று ஒரு வரிகூட இல்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் 78 வயதான என் அப்பாவுடன் பயணம் செய்தேன். இடையில் விமானம் மாற நாலரை மணி நேரம் இருந்தது. அவருக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. லவுஞ்சுக்குள் விடும் பேங்க் கார்டுதான் இருக்கிறதே, அவரைக் கொஞ்சம் வசதியாக உட்கார வைக்கலாம் என்று லவுஞ்சுக்குக் கூட்டிப் போனேன். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் உள்ளே விடுவோம் என்றார்கள். சரி, விதி அப்படி என்று ஒன்றரை மணி நேரம் வெளியே கிடந்துவிட்டு மறுபடி போனால், அதற்குள் வாசலில் பெரிய வரிசை. அதில் நின்று, கார்டைத் தேய்த்து, அப்பாவுக்குத் தனியாகப் பணம் கட்டி உள்ளே போனால், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை சாப்பாட்டு மேசை, அதைச் சுற்றித் தட்டும் கையுமாக நிற்கிற ஜனம். நாற்காலி பாதியில் பையும் கோட்டும் உட்கார்ந்திருந்தன (இது நம்மைப் போன்ற பயணிகளின் குற்றம், லவுஞ்சை மட்டும் சொல்லக்கூடாது).

கடைசியில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அது தரையோடு ஒட்டிய மாதிரி தாழ்வான, மெத்துமெத்தென்ற சோபா. படத்தில் அழகாகத் தெரியும், உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அப்பாவுக்கு வேண்டியிருந்தது கைப்பிடி வைத்த, கொஞ்சம் உயரமான சாதாரண நாற்காலி. அப்படி ஒன்றுகூட அங்கே இல்லை. கழிவறையோ லவுஞ்சுக்கு வெளியே, போய்விட்டு வந்தால் மறுபடி அதே வரிசை. எழுந்து போகவே பயந்து அவர் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அவர் தண்ணீரைத் தவிர்த்தது சின்ன விஷயம் இல்லை. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உள்ளே காற்றழுத்தமும் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பதைப் போலத்தான் வைக்கப்படுகிறது. அதனால் வயிற்றிலுள்ள வாயு கால் பங்குக்குக் குறையாமல் விரியும். ஏறுவதற்கு முன் மனிதனுக்குத் தேவை தண்ணீரும், வயிற்றை அடைக்காத சாப்பாடும்தான். அங்கேயோ எண்ணெயில் பொரித்ததும் கேஸ் அடைத்த பானமும் தாராளமாகக் கிடைத்தன, தண்ணீருக்கு ஒரு மூலையில் சின்னக் கோப்பைகள்.

இதெல்லாம் ஏன் இப்படி ஆனது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப் என்ற லவுஞ்சைத் தொடங்கியபோது, அது அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான இடம். எந்த விமானத்தில் போனாலும் சந்தா கட்டி லவுஞ்சுக்குள் நுழையலாம் என்ற முறையை 1992இல் வந்த பிரையாரிட்டி பாஸ் பரப்பியது. பிறகு கார்டு கம்பெனிகள் அந்த உரிமையை இலவசப் பரிசாக அள்ளிக் கொடுக்கத் தொடங்கின. பொதுவாக இந்த ஏற்பாட்டில், உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று லவுஞ்சு நடத்துபவருக்குப் பணம் போகிறது. தலை கூடினால் வருமானம் கூடும், நாற்காலி கூடினால் செலவுதான் கூடும். அப்புறம் யார் நாற்காலி வாங்கிப் போடுவார்கள்? நாலு வகைப் பலகாரத்தை அடுக்கிப் படம் எடுத்துப் போட்டால் உங்கள் கட்டுரையாளரைப் போன்றவர்கள் நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள், வேலை முடிந்தது.

அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தட்டு எடுக்க இரண்டே பேர், அவர்களும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது கடைசியில்தான். பல லவுஞ்சுகளில் அமைதிக்காகப் புறப்பாட்டு அறிவிப்பைச் சொல்வதில்லை, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அறிவிப்பு இல்லை என்றால் எங்கே உட்கார்ந்தாலும் தெரிகிற மாதிரி திரை இருக்க வேண்டுமல்லவா? இருந்தது ஒரே ஒரு திரை, அதுவும் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால். என் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது, சோபாவுக்கு எதிரே இருந்த பிளக் பாயிண்டில் சார்ஜரைச் செருகினால் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் கேட் மாறியது பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. முழங்கால் வலிக்காரரை இழுத்துக்கொண்டு டெர்மினலின் மறுகோடிக்கு ஓடினேன்.

ஓடிப்போய்ச் சேர்ந்தால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். சரி, லவுஞ்சுக்கே திரும்பலாமா என்று பார்த்தால், மூன்று மணி நேரக் கணக்கு முடிந்துவிட்டது, மறுபடி போக மறுபடி பணம். தாமதமாகும்போதுதானே உட்கார இடம் தேவைப்படுகிறது? போர்டிங் பாஸில் அச்சடித்த நேரத்தை விட்டுவிட்டு விமானம் உண்மையில் கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லையே.

அடுத்த முறை மதிப்பெண் போடும்போது உங்கள் கட்டுரையாளர் கூட்டம் அதிகமான மாலை நேரத்தில், முடிந்தால் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். எத்தனை இருக்கை, ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுகிறீர்கள் என்று நடத்துபவர்களிடம் கேட்டு, அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். கழிவறை உள்ளேயா வெளியேயா என்பதையும் போடுங்கள். இனிப்பு எத்தனை வகை என்பதை இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய கேட்டுக்கு எதிரே கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அப்பா ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்