வடலூர்ப் பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா சுகமாகி இலங்கையில் எங்கள் ஊரான களுவாஞ்சிகுடிக்கு வந்து சேர்ந்துவிட்டார். நடந்தது ஊரில் உள்ளவர்களுக்கும், இரவு பகலாக அழைத்து விசாரித்த வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. நன்றி பிந்தக் கூடாது, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எனக்குப் பெயர் தெரியாத ஒருவருக்கு. வடலூரில் வள்ளலார் தொடங்கிய அன்னதானச் சாலையான தருமச்சாலையில் பந்தியில் பரிமாறுகிற பெரியவர் அவர். பெயரைக் கேட்டபோது, "பேரு எதுக்கும்மா, சாப்ட்டீங்களா?" என்றார்.

சிதம்பரம் யாத்திரைக்கு எங்களோடு வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தபோது, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவும் நானும் தங்கிவிட்டோம். மலிவாக ஓர் அறை கிடைத்தது வடலூரில்தான். கையில் இருந்த காசு மருந்துக்கே இழுபறி. அறைக்காரர்தான் தருமச்சாலைக்கு வழி காட்டினார்.

வள்ளலாரை நான் அதுவரை சரியாக அறிந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆறுமுக நாவலரைப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று எழுந்த அருட்பா மருட்பா வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றவர் என்ற அளவில்தான் அவரைத் தெரியும். அந்த மனிதர் 1867 வைகாசியில் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் ஒரு சாலை கட்டி, பசித்து வருகிறவர் எவரானாலும் சாதி சமயம் கேட்காமல் சோறு போடச் சொல்லி அடுப்பை மூட்டியிருக்கிறார். அந்த நெருப்பை இன்றுவரை அணையவிடவில்லை. சமையல் இல்லாத நேரத்திலும் விறகு வைத்துக் காக்கிறார்கள். மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. வாதங்களை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த அடுப்பின் முன்னால் கும்பிட்டேன்.

முதல் நாள் அம்மா சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, "சோறு பிடிக்கலியா தாயி?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். நான்தான் சொன்னேன்: சிலோனில் இருந்து வந்திருக்கிறோம், அப்பா ஆஸ்பத்திரியில், அங்கே கொடுக்கிற எதுவும் அவருக்கு இறங்கவில்லை. பெரியவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்தார். குழைய வேகவைத்த கஞ்சி. மூடிக்கு மேலே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்தால் உப்பு. "உப்பு போடலைம்மா. அவருக்கு உப்பு ஆகுமோ ஆகாதோ, டாக்டரைக் கேட்டுட்டுப் போட்டுக்குங்க" என்றார்.

அப்பாவின் முகத்தைக்கூட அவர் கண்டதில்லை. எத்தனையோ பேருக்குப் பரிமாறி ஓய்ந்த பிறகு, எங்கேயோ கட்டிலில் கிடக்கிற ஒரு மனிதருக்கு உப்பு ஆகுமா என்று யோசித்திருக்கிறார்! அப்பா ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் வரை கஞ்சியும் பொட்டலமும் தவறவில்லை. காசு நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். புறப்படுமுன் தங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து அம்மாவின் மடியில் வைத்த யாத்திரைக் கூட்டம், நடுச்சாமத்தில் வந்த ஆட்டோக்காரத் தம்பி, வார்டில் அப்பாவைத் தன் தகப்பன்போல் பார்த்த தாதிப் பிள்ளை, ஊரிலிருந்து தொலைபேசியில் தைரியம் சொன்ன டொக்டர், சுவிஸிலும் கனடாவிலும் இருந்து கேளாமலே பணம் அனுப்பிய மச்சான்மார், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மெல்ல மெல்ல வாகனத்தை ஓட்டி வந்த அண்ணன். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எங்கள் ஊருக்கு அன்னதானம் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காம முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் வீதியால்தான் திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று போவார்கள். சின்ன வயதிலிருந்து தாகசாந்திப் பந்தலில் நின்று மோரும் சர்பத்தும் கொடுத்திருக்கிறேன். கொடுத்தேனே தவிர, வாங்குகிறவரின் முகத்தை நின்று பார்த்த நினைவில்லை. வடலூரில் தட்டோடு இருந்தபோதுதான், வாங்குகிறவருக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும், ஒரு சொல் அதை எப்படிப் போக்கும் என்று தெரிந்தது.

இந்த முறை யாத்திரிகர் வரும்போது எங்கள் பந்தலில் சீனி போடாத பானமும், உப்பில்லாத கஞ்சியும் தனியாக இருக்கும். நடக்கிறவர்களில் பலர் வயசாளிகள், பிரஷரும் சீனி வருத்தமும் உள்ளவர்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் கொடுப்போம். அரிசியும் விறகும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. விடியற்காலையில் கஞ்சி காய்ச்சவும், வருகிறவர்களிடம் பொறுமையாகக் கதைக்கவும் ஆள் வேண்டும். முடிந்தவர்கள் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.