எலெக்ட்ரிக் கிட்டாரின் நாதம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு இருபத்தைந்து ஆண்டுகள் கிட்டார் வாசித்தவன் என்ற முறையில், அக்கட்டுரையில் உள்ள ஒரு பிழையைச் சுட்டிக்காட்டவும், இந்தக் கருவிக்கென்று சொந்தக் குரல் கிடையாது, எல்லாம் காலடியில் கிடக்கும், ஒலியை மாற்றும் மின்கருவிகளான பெடல்களின் வேலைதான் என்ற அதன் முடிவை மறுக்கவும் விரும்புகிறேன்.

முதலில் பிழை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இரண்டு பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், காந்தமும் சுருளும் கொண்ட பகுதிகளை) ஒன்றாக இயக்கும்போது எழும், சற்றே உள்ளீடற்றதுபோல் ஒலிக்கும் அந்த நாதத்துக்கு, பிக்கப்புகள் எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை மேலெழும்போது மற்றதன் அலை கீழிறங்கும்படி, இணைக்கப்பட்டிருப்பதே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கிட்டார் கலைஞர்களே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது சரியன்று. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954இல் இந்தக் கிட்டாரை வெளியிட்டபோது அதில் மூன்று பிக்கப்புகளும், அவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள மூன்று நிலைகள் கொண்ட சுவிட்சும் இருந்தன. அந்தச் சுவிட்சை இரு நிலைகளுக்கு நடுவே பதமாக நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிப்பதை வாசிப்பவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலைச் சுவிட்சை நிறுவனம் 1977இல்தான் பொருத்தியது. இரு பிக்கப்புகளும் ஒரே கட்டத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் அதிரும் கம்பியை இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்பதால், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்களில் சில வலுப்பெற்று, சில தேய்ந்து மங்குகின்றன. நடுத்தர ஒலிகள் சற்றே அமிழ்ந்து விளிம்புகள் மட்டும் துலக்கமாகத் தெரிவது இதனால்தான். மெய்யான எதிர்க் கட்டத்தைக் கேட்க விரும்புவோர், ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பாலை, அதாவது கிப்சன் நிறுவனத்தின் கிட்டாரைக் கேட்க வேண்டும். அதில் ஒரு பிக்கப்பின் காந்தம் திசைமாறி அமைந்திருந்ததால், இரண்டையும் சேர்த்து வாசிக்கையில் மூக்கடைத்தாற்போன்ற ஒரு தனிச் சோகம் வந்தது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அந்த இடைநிலை நாதத்தை மிகச் சிறப்பாகக் கையாண்டவர் யார் என்று கேட்டால், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளரைத்தான் தயங்காமல் சொல்வேன். 1978இல் வெளிவந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாடலில் கேட்கும் கிட்டாரே நான் வாழ்நாளில் மிகவும் விரும்பிய நாதம். அந்தப் பாடலை முதலில் உலோக உடல் கொண்ட வேறொரு கிட்டாரில் இயற்றியதாகவும், அப்போது அது உப்புச்சப்பின்றி இருந்ததாகவும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று கைக்கு வந்த பிறகே உயிர்பெற்றதாகவும் அவரே கூறியிருக்கிறார். நாதம் என்பது பாட்டு முடிந்தபின் மேலே பூசும் வண்ணம் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவர் கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிளெக்ட்ரத்தைப் பயன்படுத்துவதில்லை. கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் கம்பியை மீட்டுகிறார். வீணையை நகத்தால் மீட்டுவதற்கும் நெளி அணிந்து மீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த வாசகர்களுக்கு, இதனால் என்ன விளையும் என்பதை விளக்கத் தேவையில்லை. விரலின் சதை பட்டு மெத்தென்று பிறக்கும் ஒலியும், விரல் கம்பியை இழுத்துச் சட்டென்று விடும்போது தெறிக்கும் ஒலியும் ஒரே வரியில் அடுத்தடுத்து வருகின்றன. ஆம்ப்ளிஃபையரோ, ஒலி உடைந்து கரகரப்பதற்குச் சற்று முன்னரே நிற்கும் அளவுக்கு மட்டும் உயர்த்தப்பட்டிருப்பதுபோல் ஒலிக்கிறது. அதனால்தான் மெதுவாக மீட்டினால் தெளிவும், அழுத்தி மீட்டினால் லேசான கரகரப்பும் விரலின் கட்டளைப்படியே வருகின்றன. இதை எந்தப் பெடலும் தருவதில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நாதத்தையும் நான் விரும்புகிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மின்சாரத்தின் இரைச்சலும் கூடவே நுழைந்துவிடும். மேடையின் டியூப்லைட் சோக்குக்கு அருகே நின்று, பாடகர் ஆலாபனையைத் தொடங்கும் நேரத்தில் என் கிட்டார் மட்டும் வண்டுபோல் ரீங்கரிக்க, தலைகுனிந்த இரவுகள் எனக்கு உண்டு. அந்த இரைச்சலை ஒழிப்பதற்காகவே கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து ஹம்பக்கரை வடிவமைத்தார். 1957 முதல் அது லெஸ் பால் கிட்டார்களில் வந்தது. இரைச்சல் அடங்கியதோடு, எதிர்பாராத வரவாக ஒலியும் பருத்துக் கனத்தது. எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயால் குழுவோடு செய்த பதிவில் அத்தகைய லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஒலிப்பதிவுக்கூடத்தார் முகம் சுளிக்கும் அளவுக்கு உரக்க வாசித்தார். ஆம்ப்ளிஃபையரில் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வு தன் எல்லையைத் தொடும்போது ஒலியலையின் முகட்டைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்குகிறது. அப்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன, கம்பியின் ஒலியும் நெடுநேரம் நீள்கிறது. வீட்டில் வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்த என் வயதினருக்கு அந்தக் கதகதப்பு புதிதன்று. கிளாப்டனின் அந்தக் கிட்டார் அதே ஆண்டிலேயே களவு போய்விட்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

குவீன் குழுவின் பிரையன் மே இன்னொரு வகை. பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தைக் கொண்டு தந்தையும் மகனுமாகச் சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டாரை, பிளெக்ட்ரத்துக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர் அவர். நாணயத்தின் வரிவரியான விளிம்பு கம்பியில் உரசுவதால், ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடத்தில் மெய்யெழுத்துப்போல் ஓர் அழுத்தம் விழுகிறது.

பெடல்களே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் பெடல்களைக் கொண்டே பெரிய அழகுகளைப் படைத்தவர். ஆனால் அவருடைய ஒவ்வொரு சுரத்திலும் கம்பியை வளைக்கும் விரல்தான் முன்னே நிற்கிறது. கட்டுரையாளர் அடுத்து இப்பொருள் பற்றி எழுதும் முன், பெடல் எதுவும் இன்றி ஒரு கிட்டாரை நேரடியாக வால்வு ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஒரே சுரத்தை இருவர் வாசிக்கக் கேட்டுப் பார்க்குமாறு தங்கள் வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.