மாப்பிள்ளையாகப் போகாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பெண்டாட்டியையும் பச்சைக் குழந்தையையும் பார்க்க வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறுகிறாய், விடிந்தால் மன்னார்குடி. ஞாயிறு ராத்திரி அதே வண்டியில் திரும்பிவிடுகிறாய். நல்லதுதான். ஆனால் நடுவில் உன் மாமியார் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாயா? ஓர் அடுப்பில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும். இன்னொன்றில் மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கறி. ராத்திரியெல்லாம் பேத்தியைத் தோளில் போட்டு நடந்த அந்த அம்மா, காலையில் உன் இட்லிக்கு இரண்டு வகைச் சட்னி அரைக்கிறார். “நீங்க உட்காருங்க மாப்பிள்ளை” என்றுதான் சொல்வார்கள். உட்கார்ந்துவிடாதே. பத்தியச் சோற்றையே உனக்கும் போடச் சொல்.

அப்புறம், ராத்திரி வேலையை நீ எடுத்துக்கொள். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதற்கு ராத்திரி பகல் தெரியாது. பால் கொடுப்பது அவள் பாடு, குடித்து முடித்ததும் உன் பாடு. கழுத்தையும் தலையையும் ஒரு கையால் தாங்கித் தோளில் சாய்த்துக்கொள். மறு கையால் முதுகை மெல்லத் தட்டு, ஏப்பம் வரும். சில சமயம் கூடவே கொஞ்சம் பாலும் உன் சட்டையில் இறங்கும். பழைய வேட்டியைக் கிழித்துத் தோளில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஈரத்துணியை மாற்றி, மல்லாக்கப் படுக்க வை. அதற்குள் அவள் ஒரு தூக்கம் போட்டிருப்பாள்.

பார்க்க வருகிறவர்கள் சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது. “பெத்த உடம்புக்குத் தண்ணி ஆகாது” என்று அவளைத் தாகத்தில் போடுவதும் தப்பு. இதையெல்லாம் அவள் சொன்னால் ‘இந்தக் காலத்துப் பொண்ணு’ என்பார்கள். மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு வராது. அந்த மரியாதை இதற்காவது உதவட்டும்.

அவள் சும்மா சும்மா அழுகிறாள் என்று போனில் சொன்னாயே, பிரசவம் ஆன புதிதில் அது நிறையப் பேருக்கு வரும். ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, தூக்கமும் இல்லை. “எதுக்கு அழுவுற?” என்று கேட்காமல் பக்கத்தில் இரு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல், சோறும் வேண்டாம், பிள்ளையைத் தொடவும் பிடிக்கவில்லை என்று இழுத்தால், திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதே. டாக்டரிடம் கூட்டிப் போ. 14416, அரசாங்கத்தின் டெலி மனாஸ் மனநல உதவி எண், இலவசமாகப் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்கிற மாதிரி பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலும் அப்படித்தான், கைவைத்தியம் கூடாது.

லீவு விஷயம். மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் உண்டு. உன்னைப் போல தனியாரில் இருப்பவனுக்குச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சேர்த்து வைத்திருக்கும் லீவைத் தீபாவளிக்கென்று பூட்டி வைக்காமல் இப்போதே போடு.

பேர் வைப்பதில் இரண்டு வீட்டிலும் இழுபறி என்று கேள்விப்பட்டேன். அவசரமில்லை. பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும், ஒரு வருஷத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அத்தைக்காரி ஓட்டு நம் பாட்டி பேருக்குத்தான். கொலுசு வாங்கிவிட்டேன், அதனால் எனக்கு இரண்டு ஓட்டு.

அன்புடன்,
அக்கா