மழைக்குத் தாங்கும் சைக்கிள் விளக்கு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரையை வாசித்தேன். டயர், பிரேக், மழைக்கோட்டு பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். விளக்கு என்று வந்ததும், வெளிச்சம் கூடியதாகப் பார்த்து வாங்கச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதில்தான் மனத்தாங்கல்.

நான் மலையகத்தில், கொட்டகலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பள்ளி விடுமுறை என்றால் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று சைக்கிளில் திரிந்தவன். முழங்கால் சம்மதிக்கிற நாட்களில் இப்போதும் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாத மாலை, கினிகத்தேனையில் இருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தேன். வட்டவளை மழையைப் பற்றி மலையக வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டியில் 'வோட்டர் ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த புது விளக்கு, இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடித்து, நாலு தரம் சிமிட்டிவிட்டு அணைந்தது. கழற்றிப் பார்த்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடுகிறது. சார்ஜ் போடும் துளையை மூடும் றப்பர், திறந்து மூடித் திறந்து மூடி இளகிப்போயிருந்தது. பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறி கிட்டத்தில் வந்துதான் பிரேக் போட்டது. "என்ன சேர், லைட்டும் இல்லாம?" என்று சாரதி இறங்கி வந்து, என்னையும் சைக்கிளையும் லொறியில் ஏற்றிக்கொண்டார். சைக்கிளை மூட்டைகளுக்கு மேலே போட்டால் கொழுந்து நசுங்கும், ஃபெக்டரியில் ஏசுவார்கள் என்பதால், ஹட்டன் வரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு பெட்டியில் முதலில் நான் தேடுவது, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபிஎக்ஸ் (IPX) எண்ணைத்தான். 4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். ஆனால் அதெல்லாம் புது விளக்குக்கு, மூடி இறுக்கமாக இருக்கும் வரைக்கும்தான். ஆகவே பற்றரி அறைக்குள் ஒரு துண்டு டிஷ்யூவை வைத்து மூடி, குழாயின் கீழ் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். டிஷ்யூ நனைந்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பூட்டும்போது சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். கடைகளில் வாங்கக்கூடிய சாதாரண பற்றரியில் எரியும் சின்ன விளக்கொன்று பையில் கிடப்பதும் நல்லது. தோட்டத்துக் கடையில் பென்டோர்ச் பற்றரி கிடைக்கும், சார்ஜர் கிடைக்காது.

சக்கரம் சுழலும்போதே மின்சாரம் தரும் டைனமோ நல்லதில்லையா என்று கேட்பார்கள். டயரில் உரசும் பழைய போத்தல் டைனமோ மழையில் வழுக்கும். அதோடு ஏற்றத்தில் நாம் ஊர்ந்து போகும்போது அதுவும் மங்கிவிடும். நம் பக்கம் ஏற்றம் இல்லாத பாதை எங்கே இருக்கிறது? சக்கரத்தின் நடுவில் வரும் ஹப் டைனமோ வழுக்காது. விலையைக் கேட்டால் நாம்தான் வழுக்கி விழுவோம்.

இனி மூடுபனி. அதில் வெளிச்சம் கூடக்கூடப் பார்வை குறையும். ஒளி பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். விளக்கைத் தலையில் கட்டினால் இன்னும் மோசம். நான் ஹேண்டிலில் இருந்து கழற்றி, முன்சக்கரத்தின் ஃபோர்க்கில் தாழ்வாகப் பூட்டி, வெளிச்சத்தையும் குறைத்துவிடுவேன். ஜெர்மன் சாலை விதிப்படி செய்த விளக்குகளில் ஒளியின் மேல்பகுதி கோடு போட்டதுபோல் வெட்டுப்பட்டிருக்கும். முடக்கில் எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணும் கூசாது.

பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு வேண்டும். சிமிட்டுவது கண்ணில் படத்தான். எவ்வளவு தூரத்தில் போகிறோம் என்று பின்னால் வருகிறவர் கணிக்க, ஒன்று நின்று எரிய வேண்டும். மட்கார்ட் இல்லாத சைக்கிள் என்றால் தேநீர்க் கடையில் நிற்கும்போதெல்லாம் பின்விளக்கில் படிந்த சேற்றைத் துடைத்துவிடுங்கள்.

கட்டுரையாளர் மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வந்தால், நானுஓயாவில் இருந்து தலவாக்கலைக்கு அந்தி நேரத்தில் அவரோடு இறங்கி வர நான் தயார். தன்னுடைய விளக்கையே அவர் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொட்டகலை.