எங்கள் நஞ்சுக்கொடியில் என்ன கண்டீர்கள்?

சிங்கப்பூரில் கர்ப்பகாலச் சிக்கல்களையும் வயிற்றில் வளரும் பிள்ளையின் நலத்தையும் ஆராயும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

2018இல் என் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது சிறிய ஆய்வு ஒன்றில் சேர்ந்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. பன்னிரண்டாம் வாரத்தில் கையெழுத்துப் போட்டேன். நான்கு முறை ரத்தம் கொடுத்தேன். மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒரு தோசை எத்தனை கிராம் என்று தெரியாமல், மாமியார் தராசில் வைத்து நிறுத்துச் சொன்னார். பிரசவம் முடிந்ததும் ஒரு தாதி நஞ்சுக்கொடியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அதற்கும் நான் முன்பே சம்மதம் கொடுத்திருந்தேன்.

அதோடு சரி. அதன்பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை.

நான் ஆய்வுகளுக்கு எதிரானவள் இல்லை. ஆய்வுகளால் பிழைத்தவள் என்றே சொல்லலாம். அந்த முதல் கர்ப்பத்தில் 26ஆம் வாரம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை அளவு லிட்டருக்கு 10.6 மில்லிமோல். கர்ப்பகால நீரிழிவு என்றார்கள். 10.0ஐ எட்டினால் நீரிழிவு என்ற அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் படித்தேன். ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஹாப்போ ஆய்வின் முடிவுகளை வைத்துப் போட்ட கோடு அது. அந்த ஆய்வில் சிங்கப்பூர்ப் பெண்களும் இருந்தார்கள். இங்கே 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வில் 1,200க்கும் மேற்பட்ட தாய்மார்கள் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. ஆபத்து அதிகம் என்று கருதியவர்களுக்கு மட்டும் செய்துவந்த பரிசோதனை பிறகு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்று மாறியதில் அந்தத் தாய்மார்களுக்குப் பங்கு உண்டு. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

34ஆம் வாரம் என் ரத்த அழுத்தம் 150க்கு 100. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்பே வீக்கம் வந்துவிட்டது. மாமியார் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். "கால்ல நீர் இறங்கியிருக்கு, பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான் வடிந்துவிடுகிறது. ஆனால் தலைவலி விடாமல் இருந்தது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருந்தது. இவை சேர்ந்தால் வேறு கதை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 35ஆம் வாரம் மகள் பிறந்தாள், 2.1 கிலோ.

டாக்டர் சொன்ன பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. ஒரு கையேட்டில் 'முன்சூல்வலிப்பு' என்று போட்டிருந்தார்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். எனக்கே அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன், அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு நானே, "ரத்தக் கொதிப்பு ஏறி, கவனிக்காம விட்டா வலிப்பு வந்துடுமாம்" என்றேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. "ஓ, சன்னியா? எங்க பெரியம்மா அதுலதான் போய்ச் சேர்ந்தாங்க" என்றார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலையும் ஊரில் சன்னி என்பதுண்டு, அதனால் அதை அப்படியே மருத்துவச் சொல்லாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவருக்குள் ஐம்பது வருடமாக ஒரு பயமும் ஒரு நினைவும் இருந்திருக்கின்றன. அதைத் தொட்டுப் பேசியிருந்தால் பார்லித் தண்ணீர் கொடுத்த அதே நாளில் என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

2021இல் இரண்டாவது கர்ப்பம். அதே ரத்தக் கொதிப்பு மறுபடி வராமல் தடுக்க, இந்த முறை பன்னிரண்டாம் வாரத்திலேயே டாக்டர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார், ராத்திரி ஒரு மாத்திரை. வீட்டில் பெரிய வாக்குவாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு மாத்திரையா, ரத்தம் இளகிப் போகாதா என்று கேட்டார் மாமியார். நான் உட்கார்ந்து விளக்கினேன். நோய் தெரிய வருவது இருபதாம் வாரத்துக்கு மேல்தான். ஆனால் கோளாறு தொடங்குவது அதற்கு வெகு முன்பு, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர் பிடிக்கும்போது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிந்து கொடுக்க வேண்டும். விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் குறையும், அது திணறும், அந்தத் திணறல் தாயின் உடம்பில் அழுத்தமாக வெளிப்படும். அதனால்தான் மாத்திரையை மூன்றாம் மாதமே தொடங்கச் சொல்கிறார்கள். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்கள் தினமும் இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவரும் கடுமையான வகை, வெறும் மாத்திரை போட்டவர்களில் 4.3 விழுக்காட்டினருக்கு வந்தது. ஆஸ்பிரின் போட்டவர்களில் 1.6 விழுக்காடுதான்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெறும் மாத்திரை போட்ட பொண்ணுங்க பாவம்ல?" என்றார். அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் ஒன்பது மணிக்கு மாத்திரையையும் தண்ணீரையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். மகன் 38ஆம் வாரம் பிறந்தான்.

எங்கள் புளோக்கில் ஒரு தங்கை இருக்கிறாள். புதுக்கோட்டைப் பக்கம் இருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுக்கும் அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். வீடியோ அழைப்பில் அவள் அம்மா வேண்டாம் என்றார், மாத்திரை அலமாரியிலேயே கிடந்தது. நல்லவேளையாக அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய டாக்டர் அவளிடம் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறார். முடிவெடுத்தவரோ புதுக்கோட்டையில் இருந்தார்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதில் என்ன கண்டீர்கள் என்பதை எங்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்களின் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.

என் தனிப்பட்ட முடிவை நான் கேட்கவில்லை. மாதிரிகளில் பெயரை நீக்கிவிட்டு எண் போட்டுத்தான் வைத்திருப்பீர்கள், அது எங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்பதும் புரிகிறது. மொத்தமாக என்ன தெரிய வந்தது என்று ஒரு பக்கம் போதும். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லலாம். 2015இல் இயற்றிய மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி சம்மதம் வாங்குவதில் நீங்கள் மிகக் கவனமாக இருக்கிறீர்கள். சம்மதம் வாங்கும் நாளில் காட்டும் அந்தக் கவனத்தில் பாதியையாவது முடிவு சொல்லும் நாளிலும் எதிர்பார்க்கிறேன். நெறிமுறைக் குழுவில் இருப்பவர்களே, அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு குழுவிடமும், பங்கேற்றவர்களுக்கு எப்போது, எந்த மொழியில் முடிவைச் சொல்லப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்து வாங்கி வைத்தால் வேலை முடிந்துவிடாது. நஞ்சுக்கொடி, நீர்க்குடம், பனிக்குடம், பத்தியம் எல்லாம் எங்கள் பாட்டிமார் வாயில் இருக்கும் சொற்கள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு அகராதிக்குப் போகாதீர்கள். குரல்பதிவாகவும் கொடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள்கூட வாட்ஸ்அப்பில் வருவதை இரண்டு முறை கேட்பார்கள், ஊரில் இருக்கும் சம்பந்திக்கும் அனுப்புவார்கள்.

இன்னொன்று. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009இலேயே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? பத்தியத்தில் இருக்கிறார்கள், வெளியே போகக் கூடாது. பல வீடுகளில் நாற்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் வெளியே விடுவார்கள். ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள்! "நாற்பது கழிந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் அம்மாவுக்குச் சர்க்கரை பாருங்கள்" என்று எழுதினால் எந்த மாமியாரும் மறக்க மாட்டார். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்று மட்டும் எழுதினால் குழந்தையின் தடுப்பூசித் தேதிகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. எட்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

உங்கள் அறிக்கைகளில் வரும் 'இந்தியர்' என்ற கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருப்பாளர்களில் நாங்கள் சுமார் 9 விழுக்காடு. அதற்குள் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவரும், போன வருடம் வந்த மருமகளும், பஞ்சாபியரும், மலையாளியும் ஒரே கட்டத்தில் அடங்குகிறார்கள். ஒருவர் வீட்டில் மூன்று வேளையும் சோறு, இன்னொருவர் வீட்டில் சப்பாத்தி. கொஞ்சம் பிரித்துப் பார்க்க முடியுமா என்று யோசியுங்கள்.

என் அம்மா 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர். அந்த ஒரே ஆண்டில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, அன்று அது உலக சாதனை. லிட்டில் இந்தியாவின் தேக்கா ஓரத்தில், எருமைத் தொழுவம் என்று மலாயில் பெயர்கொண்ட அந்த மருத்துவமனையில், எங்கள் பாட்டிமார் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்தார்கள். இந்தத் துறையில் தமிழருக்கும் குறைவில்லை. 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தபோது அந்தக் குழுவை நடத்தியவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம். பிரசவ நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பது பற்றி உலகமே படிக்கும் பேராசிரியர் அருள்குமரன் இங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர். இன்றும் உங்கள் குழுக்களில் தமிழ் தெரிந்த மருத்துவரும் தாதியரும் இருக்கிறார்கள். அவர்களை இந்த வேலையில் உட்கார வையுங்கள், அதற்குரிய நேரத்தையும் ஊதியத்தையும் ஆய்வு நிதியிலேயே ஒதுக்குங்கள்.

முதல் வரைவு தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள். சனிக்கிழமை காலையில் மாமியாரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறேன். அவர் "என்னம்மா இது?" என்று கேட்கும் இடத்தில் எல்லாம் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்