கபோன் காரும் ஏழு பேரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1920களில் சிகாகோவின் ரவுடிக் கும்பல் தலைவராக இருந்த அல் கபோனின் குண்டு துளைக்காத காடிலாக் கார் பற்றிய கட்டுரை படித்தேன். 1928ஆம் வருட வண்டி. சிகாகோ போலீஸ் கார் போலவே பச்சை, கறுப்பு வண்ணம். ஓர் அங்குல கனத்தில் கண்ணாடி. போதாததற்கு சைரன் வேறு! 2012இல் 3,41,000 டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. சரி, பழைய கார்ப் பிரியர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் 1929 காதலர் தினத்தில் சிகாகோவில் சுவரோரம் நிற்கவைத்துச் சுடப்பட்ட ஏழு பேரைப் பற்றி ஒரு வரி இல்லையே? அந்தச் சந்தேகம் கபோன் கும்பல் மீதுதான் விழுந்தது. அப்புறம், இவ்வளவு கவசம் இருந்தும் 1931இல் அவரைச் சிக்கவைத்தது வருமான வரி வழக்கு. அதையாவது எழுதியிருக்கலாம்.

– ஒரு வாசகர், மதுரை