கோடு போடுவதோடு நிற்கும் கேட் வகுப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேட் எனப்படும் கணினிவழி வடிவமைப்பை, டிராயிங் போர்டுக்குப் பதிலாக வந்த ஒன்று என்ற அளவில்தான் பல கல்லூரிகள் இன்னும் நடத்துகின்றன. 1963-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் கணினித் திரைமேல் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் மீதியைக் கணினியே பார்த்துக்கொண்டது. இன்றைய முப்பரிமாண மாடலில் ஒரு துளையின் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த பாகங்களும் மாறும், எடை தெரியும், எந்த இடம் பளு தாங்காது என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம், அப்புறம் அதே மாடலை வைத்தே, கணினிக் கட்டளைப்படி பாகங்களை வெட்டிக் கடையும் சி.என்.சி. மெஷினை ஓட்டலாம். போயிங் 777 விமானம் முழுக்க முப்பரிமாணக் கணினி மாடலில் வடிவமைக்கப்பட்டதுதான்.

சரி, ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு நடந்ததையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அதை வடிவமைத்தவர்களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்தவர்களிடம் கேட்டியா என்ற கேட் மென்பொருளின் பழைய பதிப்பு, பிரான்சின் துலூசில் இருந்தவர்களிடம் புதியது; இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் அதனால்தான், விமானத்துக்குள் இழுத்தபோது ஒயர்களின் நீளம் போதவில்லை! சுமார் இரண்டு வருடத் தாமதம், பல நூறு கோடி யூரோ நஷ்டம்.

கேட் மென்பொருளின் லைசென்ஸ் விலை அதிகம் என்று கல்லூரிகள் சொல்கின்றன. ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதே, முதல் வருடத்திலேயே அதில் தொடங்கலாமே?

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்